பக்கத்து சீட்டு பிரேக்

உலகத்திலேயே அக்காவுக்கு அறவே ஆகாத பேச்சு ஒன்று உண்டென்றால், அது 'டென்ஷன் ஆகாதீங்க' என்பதுதான். அதை யார் சொன்னாலும் சரி, அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான்.

அக்கா என்றால் ஊருக்கே அக்கா. கார் ஓட்டச் சொல்லித் தரும் பள்ளியில் வேலை. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட வண்டியில் ஏறிய அடுத்த நிமிடம் "அக்கா, கியர் விழ மாட்டேங்குது" என்று கெஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள். "விழுறதுக்கு அது என்ன பழுத்த பழமா? கிளட்ச்சை முழுசா மிதிங்க!" என்று அவள் அதட்டுவாள். அந்த அதட்டலுக்குப் பயந்து பாதிப் பேர் ஓடிப் போனார்கள். மீதிப் பேர் நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

அவள் வண்டியைத் தொட்ட கதையே ஒரு சண்டைக் கதைதான். கல்யாணமான புதிதில் ரொட்டிக் கம்பெனி ஒன்றில் தட்டு அடுக்கும் வேலை. டெலிவரி வேனின் டிரைவர் தினமும் வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இவள் சூடான தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கத்துவாள். ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள். ஒரு நாள் தட்டுகளைக் கீழே வைத்தாள், வேனில் ஏறினாள், அதுவரை பார்த்துப் பார்த்து மனதில் ஓட்டிய வண்டியை நிஜமாகவே ஓட்டித் தெருவோரம் நிறுத்திவிட்டு இறங்கினாள். மறுநாள் வேலை போயிற்று. "போனா போகுது, ஓட்டத் தெரிஞ்சு போச்சுல்ல" என்று லைசென்ஸ் எடுக்கப் போனவள்தான், பிறகு பக்கத்து சீட்டுக்கு மாறி ஊருக்கே சொல்லித் தர ஆரம்பித்துவிட்டாள்.

அந்த சீட்டுக்குத்தான் இப்போது ஆபத்து.

சொல்லித் தருவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க டாக்டரின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கிளினிக்கில் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ரத்த அழுத்தம் ஏகத்துக்கும் ஏறிக் கிடந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அடுத்த மாசம் வாங்க. இறங்கியிருந்தா கையெழுத்துப் போடறேன். இப்படியே இருந்தா முடியாது. பக்கத்துல உக்காந்து நீங்க மயங்கி விழுந்தா யாரு வண்டியைப் பிடிக்கிறது? டென்ஷன் ஆகாம இருங்க."

சொல்லிவிட்டார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சான்றிதழ் இல்லையென்றால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான் என்று பள்ளி முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதையும் ஏதோ பதவி உயர்வு கொடுப்பவர் போலச் சிரித்துக்கொண்டே சொன்னார். பதினெட்டு வயதுப் பெண்ணிலிருந்து பேரன் எடுத்தவர் வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வைத்தவள், ஜன்னலோரம் உட்கார்ந்து 'வணக்கம், சொல்லுங்க' என்று சொல்வதா? நினைத்தாலே அவளுக்குக் காதிலிருந்து புகை வந்தது.

செய்தி வீட்டுக்குத் தெரிந்ததும், ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பிற்று.

கணவர் பார்சல் ஆபீஸில் எடை போடுபவர். கோபம் என்றால் என்ன விலை என்று கேட்கும் ஆள். அவர் அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையின் நடுவில் பூச்சாடியை நகர்த்திவிட்டு வைத்தார். அதோடு நிற்காமல் போனில் மழைச் சத்தம் ஒன்றைத் தேடிப் பிடித்து, "கண்ணை மூடிக் கேளு. மனசு அப்படியே அடங்கும்" என்று அவள் காதருகே வைத்தார்.

அக்கா கண்ணை மூடினாள். மழை பெய்தது. சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"மாடியில துணி காயுதுங்க!"

"அடியே, இது போன்ல பெய்யற மழை."

"தெரியுது. தெரிஞ்சும் துணிதானே ஞாபகம் வருது! யாரு போய் எடுக்கறது? நீங்களா?"

அடுத்து, சாயங்கால நடை. காற்று வாங்கிக்கொண்டு மெதுவாக நடந்தால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். போனாள். தெருமுனையில் ஒருவன் சிக்னல் போடாமல் திரும்பினான். இன்னொருவன் நடைபாதையில் ஏற்றி வண்டியை நிறுத்தியிருந்தான். மூன்றாவது ஆள் போன் பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தான். அவனிடம் சாவியைப் பிடுங்காத குறையாகச் சண்டை போட்டுவிட்டு வீடு திரும்பினாள். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, கணவர் அவசர அவசரமாகப் பட்டையைச் சுருட்டி வைத்தார்.

நாத்தனார் போனில், "கண்ணாடி முன்னாடி நின்னு சும்மாவாவது சிரிங்க அண்ணி. உடம்பு நிஜச் சிரிப்புன்னு நம்பிடும்" என்றாள். அக்கா நின்று சிரித்துப் பார்த்தாள். கண்ணாடியில் தெரிந்தவளைப் பார்க்க, யாரையோ கடிக்கப் போகிறவள் மாதிரி இருந்தது.

மிச்சமிருந்தவள் மகள். கல்லூரியில் கடைசி வருஷம். அந்தக் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் அவள்தான். அதனாலேயே, வீட்டில் எது நடந்தாலும் தான் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று ஒரு பாரத்தைத் தானே தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பதட்டமா இருக்கும்போது கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருளைச் சொல்லணும். அவ்வளவுதான். மனசு இந்த இடத்துக்குத் திரும்பி வந்துடும். ட்ரை பண்ணு."

"சரி." அக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "தூசி படிஞ்ச ஃபேன். மடிக்காத துணி. உங்கப்பா கழட்டிப் போட்ட சாக்ஸ். அதுவும் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு எங்கே? நீ குடிச்சுட்டு வெச்ச டம்ளர். அதுக்கடியில மேஜையில வட்டமா கறை..."

"போதும்மா, போதும். நிறுத்து."

"மனசு இந்த இடத்துக்கு வந்துடுச்சுடி! வந்ததுனாலதான் பத்திக்கிட்டு வருது!"

மகள் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். போகும்போது அவள் முகம் தொங்கிப் போயிருந்தது. அக்காவுக்கு உறுத்தியது. குழந்தை நல்லதுக்குத்தான் சொல்கிறாள். எல்லோருமே நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். அப்புறம் ஏன் ஒவ்வொரு நல்ல வார்த்தையும் முள்ளாகக் குத்துகிறது? எனக்கு என்னதான் கேடு?

கேடு எங்கே இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அதையும் தன் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை.

பழகும் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுபவர் காலடியில். இன்னொன்று பக்கத்து சீட்டில், சொல்லித் தருபவர் காலடியில். இந்தப் பெடலிலிருந்து ஒரு கேபிள் அந்தப் பெடலுக்குப் போகும். பழகுகிறவர் பயந்து போய்க் கண்ணை மூடிக்கொண்டாலும், பக்கத்தில் இருப்பவர் மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அக்கா சொல்லித் தரும் சிவப்பு வண்டியில் அந்தக் கேபிள் தொய்ந்து பல மாதம் ஆகிவிட்டது. மிதித்தால் பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். கிட்டத்தட்டத் தரையைத் தொடும்போதுதான் பிடிக்கும். அதனால் ஆபத்து வந்த பிறகு மிதித்தால் பலன் இல்லை. வரும் முன்பே பாதி மிதித்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். அக்கா அப்படித்தான் வைத்திருந்தாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை.

முதலாளியிடம் சொல்லாமல் இல்லை. எதைச் சொன்னாலும் அவர் "ஆகட்டும், பாக்கலாம்" என்பார். வேலை செய்பவர்கள் தங்களுக்குள் அவருக்கு வைத்த பெயரே 'ஆகட்டும்'.

அந்த வாரம் பழகிக்கொண்டிருந்தவள் ஒரு பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டதும் வெடவெடவென்று நடுங்கும். கிடங்குகள் இருக்கும் தெருவின் இறக்கத்தில் ஒரு டெம்போ நின்றுகொண்டிருந்தது.

"டாக்டரம்மா, பிரேக்கு."

டாக்டரம்மா ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

"பிரேக்குன்னேன்!"

அக்கா தன் பெடலை மிதித்தாள். அது உள்ளே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. டெம்போவின் பின்கதவில் எழுதியிருந்த எழுத்தெல்லாம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் பிடித்தது. வண்டி குலுங்கி நின்றபோது, நடுவில் ஒரு ஆள் புகுந்து போகக்கூட இடமில்லை.

முதலில் வாய் திறந்தவள் டாக்டரம்மாதான்.

"சாரிக்கா. நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

அக்கா கதவைத் திறந்து இறங்கி, டெம்போவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி ஏறி உட்கார்ந்தாள். "ரிவர்ஸ் போடுங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு, டாக்டரம்மாவுக்கு முதல் தடவையாக ரிவர்ஸ் கியர் ஒரே தள்ளில் விழுந்தது.

பள்ளிக்கு வந்ததும் நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"கேபிளை மாத்துங்க. இன்னைக்கு டெம்போ. நாளைக்கு ஆளு."

"ஆகட்டும்."

"எப்போ?"

"பாக்கலாம்மா. ஓட்டறவங்க கால்ல ஒரு பிரேக் இருக்கே, அது நல்லாத்தானே இருக்கு? உங்களுது சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தானே." முதலாளி நாற்காலியில் சாய்ந்து, அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "முகமெல்லாம் எப்படிச் சிவந்திருக்கு பாருங்க. முதல்ல உங்க பிரஷரைக் குறைக்கிற வழியப் பாருங்க. எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆனா எப்படி?"

ஓட்டத் தெரியாதவர் காலை நம்பித்தான் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோமாம்! இப்படி ஒரு மனுஷனுக்கு எங்கேயிருந்து பதில் சொல்லத் தொடங்குவது? அக்கா வெளியே வந்து, பொறுக்க முடியாமல் தண்ணீர் டிரம்மை ஒரு உதை உதைத்தாள். அது காலி டிரம். பெரிய சத்தம் வந்தது, பிரயோஜனம் இல்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மேஜை முன்னால் உட்கார்ந்தாள். கணவர் பட்டையைச் சுற்றினார்.

"மூச்சை மெதுவா இழு."

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இல்லேன்னா செத்திருக்க மாட்டேனா?"

"பேசாதே. பேசினா ஏறும்."

"பேசாம இருந்தா இன்னும் ஏறும்."

மகள் தன் போனைச் சார்ஜில் போட மேஜைக்கு அடியில் குனிந்திருந்தாள். பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. மெஷின் உர்ரென்று காற்றடிக்கத் தொடங்கியது. பட்டை இறுகியது. உள்ளே போன மகள் வெளியே வரவில்லை.

"அம்மா."

"என்ன?"

"யாருக்கும்மா பிரேக் போடற?"

"என்னது?"

"உன் வலது காலைப் பாரு."

அக்கா குனிந்து பார்த்தாள். வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. குதிகால் தூக்கி, விரல்கள் வெளுத்து, கெண்டைக்கால் கல்லாகத் திரண்டிருந்தது. கணவரும் குனிந்தார். மூன்று பேரும் மேஜைக்கடியில் தலையைக் கொடுத்து, ஏதோ புதையலைப் பார்ப்பதுபோல அந்தக் காலைப் பார்த்தார்கள்.

"இது எப்பவும் இப்படியா?" என்றார் கணவர்.

"எனக்கென்ன தெரியும்? என் காலை நானே உக்காந்து பாத்துக்கிட்டா இருக்கேன்?"

மகள் எழுந்து வாசலுக்கு ஓடினாள். அம்மாவின் செருப்புகளைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். இடது செருப்பு நன்றாக இருந்தது. வலது செருப்பில் முன்பக்கம் மட்டும் தேய்ந்து, அடித்தோல் தாளாகியிருந்தது.

"ஒத்தைச் செருப்பு மட்டும் தேயுதுன்னு போன மாசம் அந்தக் கடைக்காரரை என்ன திட்டுத் திட்டினே! பாவம், அந்த மனுஷன் கும்பிட்டு வேற ஜோடி கொடுத்தாரே. இது அந்த ஜோடிதான்."

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

மகள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு காலையும் அதன் மேல் தளர வைக்கச் சொன்னாள். கெண்டைக்காலைக் கையால் பிசைந்து விட்டாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். எண் இறங்கியிருந்தது. சரியாகிவிடவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தது.

"பாத்தியா! இவ்வளவுதான் விஷயம். காலைத் தளர்த்தினா போதும்" என்று கணவர் கையைத் தட்டினார்.

அக்கா அமைதியாக இருந்தாள். அந்த வீட்டில் அப்படியொரு அமைதி வந்தால் அடுத்தது இடிதான் என்று இருவருக்கும் தெரியும்.

"இவ்வளவுதானா?" என்றாள். "நாளெல்லாம் இந்தக் கால் ஏன் இப்படிக் கிடக்கு? அந்தப் பெடல் செத்துப் போனதுனால. அதை யாரு கொன்னது? கோளாறு வண்டியில. மாத்திரை எனக்கு. நடக்கச் சொல்றது என்னை, சிரிக்கச் சொல்றது என்னை, மழை கேக்கச் சொல்றது என்னை! கேபிளைப் பத்தி ஒருத்தராவது கேட்டீங்களா?"

கணவர் மெஷினை அணைத்தார். மகள் கீழே கிடந்த செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் கேக்கலைம்மா" என்றாள் மெதுவாக. "படிச்சதை வெச்சு உன்னைச் சரி பண்ணணும்னுதான் பாத்தேன். வண்டி எப்படி இருக்குன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை."

"நீ ஒருத்தியாவது காலைப் பாத்தியே" என்றாள் அக்கா. அதையும் அதட்டலாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை பல் டாக்டர் வந்தபோது, சிவப்பு வண்டி தெருவில் இல்லை. பள்ளிக்குப் பின்னால் மேடும் இறக்கமும் போட்ட பயிற்சித் திடலில், மேட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. இறக்கத்தின் முடிவில் பழைய டயர்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அக்கா பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்த முதலாளி கண்ணைச் சுருக்கினார்.

"என்னம்மா, கிளம்பலையா?"

"கிளம்பணும். இன்னைக்கு நீங்க உக்காருங்க."

"நானா? எதுக்கு?"

"அது சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தானே? பாதுகாப்பா உக்காந்து பாருங்களேன். இல்லேன்னா இந்த வண்டி இன்னைக்குத் தெருவுக்குப் போகாது. நாளைக்கும் போகாது. ஆபீஸ் நாற்காலிதானே? இப்பவே போய் உக்காந்துக்கிறேன். போன்ல கேக்கறவங்க கிட்ட எல்லாம் பிரேக் எப்படின்னு நானே விவரமா சொல்றேன்."

பழக வந்த நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். முதலாளிக்குப் பின்வாங்க வழியில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். டாக்டரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அக்கா பின்சீட்டில் ஏறி, கால் இரண்டையும் தூக்கி சீட்டின் மேல் நீட்டிக்கொண்டாள்.

"டாக்டரம்மா, மெதுவா உருள விடுங்க. ஆக்சிலேட்டர் வேண்டாம். பிரேக்கைத் தொடாதீங்க. முதலாளி போடுவார்."

"நிஜமாவாக்கா?"

"வலிக்காது. விடுங்க."

வண்டி உருளத் தொடங்கியது. இறக்கத்தில் வேகம் பிடித்தது. முதலாளி மிதித்தார். பெடல் உள்ளே போனது. அவர் முதுகு நிமிர்ந்தது. இன்னும் மிதித்தார். இரண்டு காலையும் சேர்த்து மிதித்தார். "அம்மா... அம்மா... நிறுத்துங்கம்மா!" என்று அவர் அலறியது யாரை என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பிடித்தது. வண்டியின் மூக்கு டயர் குவியலில் பொத்தென்று முட்டி நின்றது. மேலிருந்த டயர் ஒன்று மெல்ல உருண்டு வந்து பானெட்டின் மேல் படுத்துக்கொண்டது.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"டென்ஷன் ஆகாதீங்க முதலாளி."

டாக்டரம்மா ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். முதலாளி வாயைத் திறந்தார். "ஆக..." என்று பழக்கதோஷத்தில் வந்ததை விழுங்கிவிட்டு, "மெக்கானிக்கைக் கூப்பிடறேன்" என்றார்.

அன்றைக்கே கேபிள் மாறியது. பெடலை லேசாகத் தொட்டாலே வண்டி நாய்க்குட்டி மாதிரி நின்றது. கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் முழுக்க, பெடல் திடமாக இருந்தும், கால் பழையபடியே மிதித்துக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது மிதித்தது. டி.வி. பார்க்கும்போது மிதித்தது. அக்காவுக்கு இப்போது தன் கால் மேலேயே கோபம் வந்தது.

"அதான் சரி பண்ணியாச்சுல்ல? சொன்னா புரியாதா உனக்கு?" என்று காலைப் பார்த்துத் திட்டினாள்.

மகள் சிரிக்கவில்லை. "திட்டும்மா. ஆனா திட்டும்போதே குதிகாலைக் கீழ வை" என்றாள். அது அவளுடைய பாடப் புத்தகத்தில் இருந்த மாதிரி தெரியவில்லை.

அதைத்தான் அக்கா செய்தாள். மாத்திரையை வேளைக்குப் போட்டாள். சாலை நேராகவும் காலியாகவும் வரும் இடங்களில் பாதத்தைப் பெடலுக்குப் பக்கத்தில் நகர்த்தி, குதிகாலைத் தரையில் பதித்து, வாய்க்குள் ஒரு வசவு. குறுக்குச் சந்து வந்தால் மறுபடி பெடலுக்கு. ஸ்டியரிங் பிடித்திருப்பவர்கள், அக்கா தங்களைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் ஒழுங்காக ஓட்டினார்கள்.

டாக்டர் சொன்ன நாள் வந்தது. கிளினிக்கில் நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். சின்னப் பெண். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில், "ரிலாக்ஸா இருங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்றாள்.

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. பட்டை இறுகத் தொடங்கியது. அவள் கண் தானாகக் கீழே போயிற்று. வலது குதிகால் தூக்கியிருந்தது. விரல்கள் செருப்பைத் தோண்டிக்கொண்டிருந்தன. நாற்காலி. மேஜை. சுவர். எதிரே டெம்போவும் இல்லை, டயரும் இல்லை.

"கொஞ்சம் நிறுத்தும்மா" என்றாள் நர்ஸிடம். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். பாதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஏய்," என்றாள். "வண்டி நிக்குது."

நர்ஸ் பயந்து போனாள். "என்னங்க?"

"உன்னைச் சொல்லலைம்மா. நீ காத்தை அடி."

குதிகால் கீழே இறங்கியது. பட்டை மறுபடி இறுகித் தளர்ந்தது. நர்ஸ் எழுதியதை வாங்கிப் பார்த்த டாக்டர், "இன்னும் கொஞ்சம் இறங்கணும். மாத்திரையை விடாதீங்க. மூணு மாசத்துல திரும்ப வரணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "என்ன செஞ்சீங்க? நடந்தீங்களா?"

"நடந்தேன்," என்றாள் அக்கா, "சண்டைக்கு."

வெளியே வந்து, வாசல் படியில் நின்று முதலாளிக்குப் போன் போட்டாள்.

"சான்றிதழ் கிடைச்சிருச்சு. மத்தியானம் வண்டி எடுக்கறேன்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"இருங்க, வெச்சுடாதீங்க. அந்த நீல வண்டி? அதுல சொல்லித் தர்ற தம்பிக்கும் கால் வலிக்குதாம். அதோட கேபிளைப் பாத்தீங்களா?"

"ஆகட்டும், பாக்கலாம்" என்றார் முதலாளி.

அக்கா பேசத் தொடங்கினாள். கிளினிக் வாசலில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மருந்துக் கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். அவள் குரல் தெருமுனை வரை போயிற்று. கீழ்ப்படியில் அவளுடைய வலது கால் மட்டும், தனக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமே இல்லாததுபோல, விரல்களைப் பரப்பிக்கொண்டு சும்மா கிடந்தது.